ஏழாவது கட்டம்

விண்ணப்பத்தில் பதினொரு கட்டங்கள்.
ஏழாவது: சமூக சேவை செய்த மொத்த மணிநேரம்.
கீழே பொடி எழுத்தில்,
நூறுக்குக் குறையாமல் இருத்தல் நலம்.
அந்த ‘நலம்’ என் வேலை.
பதிவாளர் ‘வேண்டும்’ என்றுதான் எழுதித் தந்தார்.
கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டுமே என்று மாற்றினேன்,
யாரும் கவனிக்கவில்லை.

தஞ்சாவூரில் எங்கள் வெளிநாட்டு மாணவர் பிரிவு
இரண்டு மேசை, ஒரு பீரோ,
நின்றால் மட்டும் சத்தம் போடாத மின்விசிறி.
ஆண்டுக்கொரு விருது.
கேடயம் கும்பகோணத்தில் சொல்லிச் செய்வது,
போன தடவை பித்தளை, இந்தத் தடவை பித்தளை நிறம்.

தியாமிகே முவாலே, மலாவி நாடு,
புள்ளியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு.
ஏழாவது கட்டத்தில்
முப்பத்தொன்று என்று எழுதியிருந்தாள்.

எனக்குத் தெரியாதா கணக்கு?
மேட்டூர் நிரம்பி வழிந்த ஆடிக் கடைசியில்
கொள்ளிடத்தில் ஒன்றே முக்கால் லட்சம் கனஅடி.
கரை கசிந்த ஊருக்கு
இரண்டு வேன் நிறையப் பிள்ளைகளை அனுப்பினோம்.
மற்றவர்கள் மறுநாளே திரும்பினார்கள்.
இவள் ஆறு நாள் கழித்து
யாருடையதோ பூப்போட்ட நைட்டியில்
பால் வண்டியிலிருந்து இறங்கினாள்.

இருபத்துநான்கால் பெருக்க வேண்டாம்,
பாதியாவது போடு என்றேன்.

சாப்பிட்டதைக் கழித்தேன் என்றாள்.
தையல்நாயகி வீட்டில் தூங்கியதைக் கழித்தேன்.
மழையில் சும்மா நின்றதை.
பள்ளிக்கூட முகாமில் சீட்டாடி
அறுபது ரூபாய் ஜெயித்தேனே, அது சேவையா?
ஒரு மாலை அழுதேன்,
அது என் சொந்த ஆற்றுக்காக. அதையும் கழித்துவிட்டேன்.

அவள் ஆறு ஷீரே.
புயல் வந்த வருஷம் வீட்டுச் சுவர்
மண்ணுக்கே திரும்பிப் போனதாம்.
ஒரே ஒரு தடவை சொன்னாள்,
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

மீதிக் கதை லஸ்கர் பொன்னுரங்கம் சொன்னது,
சான்றுக் கடிதம் கொடுக்க வந்த அன்று:
நெல்லுக்கு வெச்சிருந்த சாக்கு சார்,
வாய்முட்ட மணல் அடைச்சுத் தெச்சு உருட்டுனோம்.
உருண்டுச்சு. உருண்டு ஆத்தோட போச்சு.
இந்தப் பொண்ணு புடுங்கி, பாதியக் கொட்டிட்டு
வாய மடிச்சுப் போட்டு மேல ஏறி மிதிச்சுது.
பாதி போதும் பாதி போதும்னு
ராத்திரி முச்சூடும் அந்த ஒரே தமிழ்தான்.
பாதிச் சாக்கு படுத்துக்கிச்சு சார்,
பள்ளம் பாத்து, பூனை மாதிரி.

முப்பத்தொன்றுக்கு முன்னால் ஒரு ஒன்று போதும்.
பேனாவும் அதே நீலம்.
மூடியைத் திருகியபோது
விண்ணப்பத்தின்மேல் அவள் உள்ளங்கை வந்து விழுந்தது.
என்ன சொன்னாள் என்று எழுத வேண்டியதில்லை.
சிரித்தாள், அதை எழுதலாம்.

விருது இருநூற்றுப் பன்னிரண்டு மணிநேரத்துக்குப் போனது.
நல்ல பையன், நேபாளத்துக்காரன்.
கண் முகாமில் படிவம் எழுதித் தந்தவன்,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் அரங்கின் கடைசி வரிசையில்
லோடு ஆட்டோவில் வந்த பதினோரு பேர்
மடியில் ஈரத்துணி சுற்றிய கதம்பத்தோடு
நாட்டுப்பண் முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தார்கள்.
எங்க புள்ளை பேரை எப்பக் கூப்புடுவாங்க?
தையல்நாயகி என்னைத்தான் கேட்டாள்.
அரங்கப் பொறுப்பாளர் விளக்குகளை
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்.
சைக்கிள் நிறுத்துமிடத்தில்தான் மாலை விழுந்தது.
குனிந்து வாங்கிக்கொண்டவள்
அவர்கள் கிளம்பும்வரை நிமிரவேயில்லை.

இந்த ஆண்டும் தண்ணீர் வருகிறது.
காலை நாளிதழில் கொள்ளிடக் கரை:
மூட்டைகள், குடைகள், ஒரு அமைச்சரின் முதுகு.
அவள் ஊருக்குப் போய்ப் பதினான்கு மாதம்.
படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறேன்,
மூட்டை முழுதா பாதியா என்று.
புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது.
மேசைமேல் புது விண்ணப்பம்,
ஏழாவது கட்டம் வரை தட்டச்சாகி.