ஏழாம் இலக்கப் புத்தகம்

ஜமாலியா மதகு வரைக்கும் நான்.
அதற்கப்பால் நிஹால், எட்டாம் இலக்கம்.
அலுவலகத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டுத் தந்தார்கள்.
தண்ணீருக்கு அதைக் காட்டவில்லை;
அது மதகுக்குக் கீழால் ஒரே குழாயில் போகிறது.

உவர்மலையில் நாய்கள் கேற்றுக்குள் நின்று குரைக்கும்.
எட்டு மணிக்குப் பிறகு மேட்டுக்குத் தண்ணி ஏறாது.
காற்றுக்குச் சுத்துற மீற்றருக்கு
நான் ஏன் காசு கட்டவேணும், கேட்கிறார்
ஓய்வுபெற்ற தபாலதிபர்.
நியாயம்தான்.
அதை எழுத என்னிடம் நிரல் இல்லை.

திருக்கடலூர் நாய்கள் குரைப்பதில்லை,
மீன் தின்ற களையில் கிடக்கும்.
மீற்றர் வலைக்குவியலுக்கு அடியில் எங்கோ.
“போன மாசத்தயே எழுதிட்டுப் போ பிள்ளை,”
வலை பொத்துகிற கனகசூரியம்
நிமிரவேயில்லை.

பாலையூற்றில் ஒக்கர்ஸ் வீட்டு மீற்றருக்கு
தேக்கம் பெட்டி, பித்தளைப் பிணைச்சல், பூட்டு.
திறப்பைத் தேடி
வீடே எழும்பி நடக்கும்.

அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட
ஓரிடத்தில் பஸ் இன்றைக்கும் மெதுவாகும்.
அங்கே ஒன்றுமில்லை.
பீப்பாய்கள் நின்ற இடத்தில்
தார் கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான்.
ட்ரைவருக்கு இருபத்திரண்டு வயது இருக்குமா?
அவனும் காலை எடுக்கிறான்.
யார் பழக்கினார்கள்?
என் கையும் பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தொட்டுவிட்டு வருகிறது.

போன செவ்வாய், மதகடியில்
ஒரு வீட்டுக்காரி மறித்தாள். பெயர் றமீஸா.
படலை என் பக்கம்,
மீற்றர் நிஹாலின் பக்கம்.
நாலு வருசமாய் பில் இல்லை.
சந்தோசப்படாமல்
அங்கர் ரின் ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தாள்:
மாதாமாதம் எடுத்து வைத்த தாள்கள்,
ரப்பர் பட்டி இறுகி ஒட்டிப்போனவை.
“எங்கட வீட்ட மட்டும் ஏன் எழுதுறல்ல?”

நிஹாலுக்குப் போன் எடுத்தேன்.
மோட்டார் சைக்கிளில் வந்தான்,
கோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினான்.
தன் புத்தகத்தைப் புரட்டினான், நான் என்னுடையதை.
“நீங்க எழுது அக்கா,” என்றான்.
“நீ எழுது,” என்றேன்.
றமீஸா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டாள்,
சீனி தூக்கலாக.

பிறகு குந்தியிருந்து மூடியைத் துடைத்தேன்.
கண்ணாடிக்குள் ஒரு எறும்பு.
கடைசிப் பக்க ஓரத்தில்,
நிரலுக்கு வெளியே,
ஒவ்வொரு இலக்கமாய் எழுதிக்கொண்டு வர
உள்ளே யாரோ குழாயைத் திறந்தார்கள்.
கடைசி இலக்கம்
நகர்ந்துவிட்டது.