சிக்கல் எண்

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
கீழே பாலிஷ் சக்கரம் நின்ற பிறகுதான்
எங்கள் கணினியின் விசிறி காதில் விழும்.
இரவு எட்டேமுக்கால்.
அளக்கும் கருவியை ஓட்டினேன்.

கிழங்கு மில்களுக்கான கொள்முதல் மென்பொருள்.
பதின்மூன்று வயது. எண்பத்தாறாயிரம் வரி.
எதைத் தொட்டாலும் ஆத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில்
பில் அடிக்காமல் லாரி நிற்கும்.

சிவப்பில் முதலாவதாக வந்தது விலை போடும் நிரல்.
சிக்கல் எண் நூற்றுப் பதினான்கு.
மழை பெய்திருந்தால்,
மண் ஒட்டியிருந்தால்,
முன்பணம் வாங்கியிருந்தால், அதில் பாதி கட்டியிருந்தால்,
வண்டி சொந்தமாக இருந்தால்,
ஆல், ஆல், ஆல் என்று
ஆலமரமாகவே விழுது இறங்கியிருந்தது.
நடுவே, முதலாளியின் மைத்துனராக இருந்தால்.
ஆமாம், அப்படியும் ஒரு நிபந்தனை,
அவர் பெயரோடு.

யூஜின் சிரிக்கவில்லை.
ஏற்காட்டிலிருந்து தினம் முதல் பஸ்ஸில் இறங்குகிறவன்,
சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் வரமாட்டான்.
"எங்க மலைப்பாதைக்கு எண் எவ்வளவு, சொல்லு."
கொண்டை ஊசி வளைவு இருபது.
இருபத்தொன்று என்றேன்.
"ஒன்று" என்றான்.
"குப்பனூர் வழி வேற கணக்கு.
இந்தப் பக்கம் ஏறினா எங்கேயும் பிரியல.
வாந்தி வரும், வழி தப்பாது.
அஞ்சு ரோட்டுல நின்னு பாரு,
மேடும் இல்ல, பள்ளமும் இல்ல.
ஜங்ஷன் போகணும்னு வந்தவன்
ஓமலூர் தாண்டி இறங்கி முழிப்பான்."

அடுத்த பக்கம் நகல்களின் பட்டியல்.
பதினொரு மில், பதினொரு கோப்பு,
ஒவ்வொன்றிலும் அதே முப்பத்திரண்டு வரி,
எழுத்துப்பிழை உட்பட.
எழுதியவர் என்ற இடத்தில்
பதினொரு முறையும் என் பெயர்.
எல்லாம் வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்கள்.
அவசரம் என்று யாரோ சொல்ல
நானும் நம்பிய சாயங்காலங்கள்.

பதினொன்றில் ஒன்று மட்டும்
ஒரே ஒரு வரியில் விலகியிருந்தது.
தலைவாசல் மில்.

கிழங்கைத் தண்ணீரில் அமுக்கி நிறுத்துப்
பாயிண்ட் பார்ப்பார்கள். மாவு எவ்வளவு என்பதற்கு அதுதான் சாட்சி.
இருபத்தேழு புள்ளி எட்டு என்று முள் காட்டினால்
என் நிரல் புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட்டு
இருபத்தேழுக்குக் காசு போடும்.
தலைவாசலில் அர்த்தனாரி என்று ஒருவர்
லாரியைக் குறுக்கே நிறுத்திக் கத்தியிருக்கிறார்.
மூன்று நாள்.
நான்காம் நாள் அங்கே மட்டும் திருத்தினோம்.
மற்றப் பத்து மில்லில் யாரும் கத்தவில்லை.

அந்த வரிக்குக் கருவி கொடுத்த நிறம் பச்சை.
நிபந்தனை இல்லை, கிளை இல்லை,
சிக்கல் எண் ஒன்று.
ஏற்காட்டுப் பாதை மாதிரி
வழி தப்பாமல் போய்
ஆறு வருஷமாகத் தவறான ஊரில் இறக்கிவிட்டிருக்கிறது.

நூற்றுப் பதினான்கை அப்படியே விட்டேன்.
மைத்துனர் இன்னொரு நாள் இருக்கட்டும்.
பதினொன்றையும் அடுக்கிப் பார்த்து,
தலைவாசல் நகலை மட்டும் வைத்துக்கொண்டு,
மற்றப் பத்தும் அதையே கூப்பிடும்படி மாற்றினேன்.
முன்பண வட்டியும் டிரைவர் பேட்டாவும்
தொண்ணூற்று நான்கு சதம் ஒன்றுபோல என்றது கருவி.
சேர்க்கப் போனேன்.
"அது ஜாடை, உறவு இல்ல" என்று யூஜின் கையைப் பிடித்தான்.
விட்டுவிட்டேன்.

சோதனைகள் ஓடி முடிந்தபோது
ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் போயிருந்தது.
இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு அவன் படுத்துக்கொண்டான்.
நகல் விகிதம் கொஞ்சம் இறங்கியிருந்தது.
நாளை காலை பத்து மில்லிலும் முழு பாயிண்ட்டுக்குக் காசு விழும்.
ஆறு வருஷத்துப் பாக்கி எவ்வளவு என்று
அதனிடம் கேட்க எனக்கு ஒரு கட்டளையும் தெரியவில்லை.

மாற்றத்துக்குக் குறிப்பு எழுதச் சொல்லிக்
கட்டம் காத்திருந்தது.
நகல் நீக்கம் என்று அடித்தேன்.
அழித்தேன்.
அர்த்தனாரி சொன்னது சரி
என்று அடித்து
உள்ளே அனுப்பினேன்.