தொடர்ச்சி

என்ட வேலை சின்ன வேலை.
முதல் ஷொட்டில தேத்தண்ணி பாதிக் கோப்பையில நிண்டால்
அடுத்த ஷொட்டிலயும் பாதியில நிக்கவேணும்.
பின்னல் இடப்பக்கமெண்டால் இடப்பக்கம்.
கொப்பி, பேனை, போனில படம்.
சுவிஸ் மாமா ஒருவர் காசு போட்ட படம்,
கல்லடியில பதினெட்டு நாள்.

கதை இதுதான்:
கலியாணம் முடிக்காத ஒருத்திக்கு வயித்தில புள்ள.
அவனைப் பிடிக்குமா எண்டு
அவளுக்கே இன்னும் தெரியாது.
சுகிர்தன் அண்ணன் மூண்டு முடிவு எழுதி வச்சிருந்தார்.
மூண்டிலயும் மழை.
எடுத்தது ஆனியில.

ஹம்சாயினிக்கு வயிறு கட்டுறதும் என்ட தலையில விழுந்தது.
நாலாம் மாசத்துக்கு ஒரு துவாய்,
ஆறாம் மாசத்துக்கு ரெண்டு,
எட்டுக்கு நாவலடி வாடகை வீட்டுக் கதிரைக் குஷன்.
காட்சிகளை முன்னப்பின்ன எடுக்கிறதால
காலமை எட்டு மாசம்,
பகல்சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு.
ஊக்கு குத்தின விரலோட எழுதுவன்:
‘காட்சி 31. குஷன், பூப்போட்ட பக்கம் உள்ளுக்கு.’

எனக்கு நாள் தள்ளினதை
எந்தக் கொப்பியிலயும் எழுதல்ல.

நீ பாலத்துக்குக் கீழ மைக்கை இறக்கிக்கொண்டு
விடியிற வரைக்கும் இருந்தவன்.
மீன் பாடினதாம். போட்டுக் காட்டினாய்.
எஞ்சின் போட் சத்தம்.
நான் சிரிச்சன், நீ கோவிச்சாய்.
ஒரு ஹெட்போனில ரெண்டு பேர் கேட்டால்
இப்பிடித்தான் முடியும்.

பதினோராம் நாள்.
கடற்கரை, கச்சான் காத்து, வெளிச்சம் போகுது.
ஹம்சாயினி கையை வயித்தில வைக்கிறாள்,
சரிவரல்ல. சோத்துப்பானையைத் தொடுறமாதிரிக் கிடக்கு.
‘இப்பிடி இல்ல புள்ள’ எண்டு அண்ணன் கத்துறார்.
எப்பிடியெண்டு அவருக்கும் தெரியாது.
‘யதுஷி, நீ ஒருக்கா நிண்டு காட்டு.’

நிண்டன்.
கொப்பியைக் கக்கத்தில இடுக்கிக்கொண்டு
கையை வச்சன். குஷன் இல்லாமல்.

ஒருத்தரும் கட் சொல்லல்ல.
லைட்காரப் பொடியன் மணலைப் பாத்தான்.
நீ ஹெட்போனைக் கழட்டினாய்.
வேலைக்குள்ள நீ அதைக் கழட்டி நான் கண்டதில்ல.

மறுகா நடந்தது நீளம்.
உங்கட அம்மா செங்கலடியில இருந்து வந்து
படலைக்கு வெளியிலயே நிண்டு கதைச்சது,
அப்பா ஒரு கிழமை மீன் வாங்காமல் விட்டது,
நீ கட்டார் போறன் எண்டது, போகாமல் விட்டது,
‘உனக்கு வேணாமெண்டால் வேணாம்’ எண்டு
தரையைப் பாத்துச் சொன்னது,
எனக்கு அந்த வசனம் பிடிக்காமல் போனது,
திருப்பி எடுக்கச் சொல்ல ஏலாமல் போனது.
விருப்பமெண்டு நான் ஒருநாளும் முழுசாச் சொல்லல்ல.
வேணாமெண்டும் வாய் வரல்ல.
நடுவில எங்கயோ
பதிவுக்காரர் கந்தோரில கையெழுத்து வச்சம்.
பேனை உன்ட. மை முடிஞ்ச பேனை.

கிளினிக்கில கர்ப்பிணி அட்டை தந்தாங்க.
படத்துக்கு நானே கீறிச் செஞ்ச அட்டை
இதைவிட வடிவு.
திரிபோஷ ரெண்டு பைக்கற்.
மிட்வைஃப் அக்கா அடிவயித்தில கருவியை வச்சு
அங்க இங்க உருட்டினா. இரைச்சல்.
பிறகு, சத்தியமாச் சொல்றன்,
உன்ட அதே எஞ்சின் போட்.
‘லெவல் கூடிப்போச்சு அக்கா, கொஞ்சம் குறைங்க’
எண்டு சொல்லிப்போட்டு
நீ சுவரில ஒட்டியிருந்த டெங்கு நோட்டீசை
நெடுநேரம் வாசிச்சாய்.

மாநகரசபை மண்டபத்தில படம் போட்ட அண்டு
எனக்கு எட்டு மாசம்.
குஷன் அளவு சரியாத்தான் இருந்திருக்கு.
கடைசிக் காட்சியில மூத்திரம் முட்டி எழும்பிப் போனன்,
கக்கூசில தண்ணி இல்ல, வாளிக்கு ஆள் போய் வந்தது.
திரும்பி வந்து இருட்டில
உன்ட முழங்காலைத் தடவிப் பிடிச்சு இருந்தன்.

‘என்ன நடந்தது?’
‘பஸ்ஸில ஏறிட்டாள்.’
‘மழை?’
‘பவுசர் மழை.’
‘மறுகா?’
‘மறுகா என்ன, பேர் ஓடுது.’

ஒலி எண்டு போட்டு உன்ட பேர்.
நாலு வரி தள்ளி, எழுத்துப் பிழையோட,
தொடர்ச்சி எண்டு போட்டு என்ட பேர்.
முன்னால இருந்தவர் சறத்தை உதறிக்கொண்டு எழும்பினதில
அதையும் முழுசாக் காணல்ல.