வேலியை அணைத்த இரவு

மூன்று இரவுகளாக வியாழன் பேசுகிறது என்று
குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.
இருபத்திரண்டு மெகாஹெர்ட்ஸில் டக், டக்,
நொடிக்கு ஒன்று, பிசகாமல்.

பிசகாததுதான் உறுத்தியது.
எந்தக் கோளும் இத்தனை ஒழுங்காகப் பேசாது.

டார்ச்சோடு நடந்தேன்,
சொலோன் வட்டாரத்தின் ஈர மணலில்,
நூற்றுச் சொச்சம் ஆண்டெனாக்கள்
கம்பி சுற்றிய கூம்புகளாய் நிற்கும் வயலைத் தாண்டி.
ஃபிர்மானின் ஆட்டுப்பட்டி.
மின்வேலியின் தொய்ந்த கம்பியொன்று
புல்லில் உரசி உரசிப் பொறி கக்கிக்கொண்டிருந்தது.

"நாளை ஒரு ராத்திரி இதை அணைத்து வையுங்கள்."
"எதற்கு?"
"வியாழனைக் கேட்க."
நாற்பத்தோரு ஆடு, என்றார். நரி கிடக்கட்டும்,
வேலி செத்ததை அந்தக் கறுப்பி
மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவாள்.
பிறகு, தானும் வருவதாகச் சொன்னார்.

இரண்டே காலுக்கு வந்தது.
முதலில் அலை கரையில் சரிவது போல,
பிறகு மூடிய சட்டிக்குள் சோளப்பொரி.
அயோ என்ற நிலா காந்தக் கோடுகளை
உலுக்கிக்கொண்டே ஓடுகிறது,
எலக்ட்ரான்கள் வியாழனின் துருவத்தில் பாய்கின்றன,
அந்தச் சத்தம், என்றேன்.
புறப்பட்டு நாற்பது நிமிடம் ஆகிறது.
"அப்படியானால், நான் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது."
அதேதான்.

காந்தப்புலத்தை அவருக்கு எப்படிச் சொல்வது?
அதுவும் வேலிதான், கம்பி இல்லாதது.
சூரியனிலிருந்து ஓயாமல் அடிக்கும் காற்று,
நொடிக்கு நானூறு கிலோமீட்டர்,
அதில் முட்டி ஒதுங்கிப் போகிறது.
செவ்வாய்க்கும் ஒரு காலத்தில் இருந்தது.
அது அணைந்த பிறகு
காற்று அதன் வானத்தை மேய்ந்துவிட்டது,
கொஞ்சம் கொஞ்சமாக, பல கோடி ஆண்டுகள்.

"நம்முடையது? சத்தம் போடுமா?"
போடும்.
சூரியக் காற்று ஓங்கும்போதெல்லாம்
பூமியும் கத்துகிறது, வியாழனைப் போலவே.
தலைக்கு மேலே அயனி மண்டலம்
அதைக் கீழே விடுவதில்லை.
வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்கும்.

ஹெட்ஃபோன் அவர் காதில் கோணலாக இருந்தது.
"என் குறட்டை மாதிரி" என்றார்.
அதைக் கேட்ட ஆள் இப்போது
ஆர்லேயானில், தன் தங்கை வீட்டில்.

விடிந்ததும் எண்ணினோம். நாற்பது.
கறுப்பி ஆண்டெனாக்களின் நடுவே,
பதினோராம் வரிசையின் கேபிள் உறையை
மென்றுகொண்டு நின்றாள்.
மூன்று ஐம்பதுக்குப் பின்
என் வரைபடம் வெள்ளையாக இருப்பது அதனால்தான்.
"காரணம்" என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.