இடப்பக்கத் தேய்மானம்

துருவைக் காட்டினேன்,
கூரை ஒழுகும் இடத்தையும்.
மூன்றாம் கியர் கெஞ்சினால்தான் விழும் என்றேன்.
தொண்ணூற்றாறாம் வருடத்து எம்.ஜி.,
இரண்டே இருக்கை.
ஒன்றையும் மறைக்கவில்லை.

ஹவல் குனிந்து
இடப்பக்கத் தரைவிரிப்பைத் தடவினான்.
ஓட்டாதவர் பக்கம்
ஏன் இப்படி ஓட்டை?

பிரேக், என்றேன்.

டோல்கெத்லாய் மலைச்சாலையில்
பதினோரு வருடம்,
வளைவுக்கு வளைவு,
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள் நெரிஸ்.
நான் சிரிப்பேன்.
வேகத்தைக் குறைத்ததில்லை.

அவனும் சிரித்தான்.
ஐம்பது பவுண்டு குறைத்துக் கேட்டான்.
கொடுத்துவிட்டேன்.

தூறல் தொடங்கியிருந்தது.
கூரையைக்கூட மூடாமல்
சந்து முனையில் சர்ரென்று திரும்பினான்.

வாசல் சரளைக்கற்களில்
என் வலது கால்
அழுந்தியது.