நாலே முக்கால் சென்ட்

வீடு பார்க்க வருகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள்.
நான் மீட்டர் பெட்டியைப் பார்ப்பேன்.
செத்தவர் பேரிலேயே பில் வந்துகொண்டிருந்தால்
சண்டை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

வீரவநல்லூர். கிழக்குப் பார்த்த தார்சு வீடு.
நாலே முக்கால் சென்ட்.
மகாராஜன், காலஞ்சென்றவர்,
மின் இணைப்பில் மட்டும் உயிரோடு.

பூனாவிலிருந்து ஆறுமுகநயினார் வந்திருந்தார்.
மஸ்கட்டிலிருந்து தளவாய், போனில், ஸ்பீக்கரில்.
பேட்டையிலிருந்து பகவதி;
வந்ததும் அடுப்படிக்குப் போய்
எவர்சில்வர் குடத்தை எடுத்துக்கொண்டாள்.
"அம்மைக்குள்ளது. இது கணக்குல வராது."
"வித்த பொறவு எடுத்துக்க," என்றார் மூத்தவர்.
வாரிசுச் சான்று கையில் இருந்தது. மூணு பேர்.
பச்சை மை, ரவுண்டு சீல், குறை சொல்ல முடியாது.

"ஒரு மாசத்துல முடிச்சிருவியளா, உச்சிமாகாளி?"
"முடிச்சிருவோம் அண்ணாச்சி."

புறவாசலில் கிணற்றடியில் சாய்ந்து
ஒரு சைக்கிள் துருவாகிக்கொண்டிருந்தது.
செயின் கவரில் மஞ்சள் பெயிண்ட்:
ம. சங்கரலிங்கம்.

"இது யாரு?"

பகவதி குடத்தை இன்னொரு கைக்கு மாற்றினாள்.
ஸ்பீக்கரில் மஸ்கட் ஏசி மட்டும் ஓடியது.
"அவன் இல்ல," என்றார் மூத்தவர்.
"இல்லாதவருக்கு யாரும் உண்டுமா?"
"வேதக்காரப் பிள்ளையக் கூட்டிட்டுப் போனவன்.
அன்னைக்கே தலைமுழுகியாச்சு."

தலைமுழுகத் தாமிரபரணி போதும்.
சேரன்மாதேவி சார்பதிவாளருக்குப் போதாது.

நியாயம் பேசவில்லை நான்.
நியாயத்துக்குக் கமிஷன் கிடையாது.
வில்லங்கம் பேசினேன்.
வாங்குகிறவன் பாங்குக்குப் போவான், பாங்கு வக்கீலிடம் போகும்,
அந்தப் பொம்பளை ஒரு நோட்டீஸ் விட்டால்
பதினேழு லட்சமும் கோர்ட்டு வராண்டாவில்
பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிடும்.

கயத்தாறு ஆஸ்பத்திரியில்
ஜெபக்கனி ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.
வரிசையில் நின்றேன்.
என் முறை வந்ததும் கைக்குப் பதில்
மூலப்பத்திர நகலை நீட்டினேன்.
படித்தாள். நாலெல்லை வரைக்கும்.

"வடக்கே வளவுச் சுவர்...
இதுல ஏறிக் குதிச்சுதான் சினிமாவுக்குப் போவாங்களாம்.
நான் அந்த வீட்டைப் பார்த்ததே கிடையாது."

பிறகு, ஊசியை உறையிலிட்டபடி,
"விட்டுக்கொடுத்து எழுதிக் கேக்காங்களா?"

அப்படித்தான் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.
அம்பதாயிரம், கையில் ரொக்கமாய்.
கேட்டிருக்கலாம். என் ரெண்டு பெர்சன்ட்
எப்படியும் வந்துவிடும்.

"கால் பங்கு," என்றேன். "உங்களுக்கும் மகளுக்கும்.
நாலேகால் லட்சம்."
சொன்ன பிறகு தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

"நீரு யாரு பக்கம்வே?"
பூனாவிலிருந்து ராத்திரி பதினொன்றுக்கு ஆறுமுகநயினார்.
"பத்திரத்துப் பக்கம் அண்ணாச்சி."
வைத்துவிட்டார். மறுநாளும் கூப்பிட்டார், அதற்கு மறுநாளும்.
தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை.
புதுச் சான்றில் அஞ்சு பேர்.
ஒரு மாதம் அஞ்சு மாதமானது.

பதிவன்று பெருவிரல்கள் வரிசையாய் நின்றன.
லீவு போட்டு வந்த தளவாய்க்கு
ரேகை விழவில்லை, மூணு தடவை துடைத்து வைத்தார்.
யாரும் யாரிடமும் பேசவில்லை.
கேமராவைப் பார்க்கச் சொன்னபோது
எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சாவி கொடுக்க வீட்டுக்கு வந்தபோது
ஜெபக்கனியின் மகள் ஷைனி என்னிடம் வந்தாள்.
"அந்தச் சைக்கிளும் வெலையில சேர்த்தியா, அங்கிள்?"

சொத்து விவரத்தைப் புரட்டினேன்.
கிணறு, கதவு நிலைகள், மின் இணைப்பு, தென்னை இரண்டு.
சைக்கிள் இல்லை.

கமிஷனில் மூவாயிரம் குறைத்துக் கொடுத்தார் மூத்தவர்.
"நாலாவது பங்க நீருதான கொண்டாந்தீரு,
அங்கன போயி வாங்கிக்கிடும்."
எண்ணாமல் பையில் வைத்தேன்.

காற்று இல்லாத ரெண்டு டயர்.
வாசற்படியில் இறக்கும்போது
பின்சக்கரம் சிக்கிக்கொண்டது.
பிள்ளை ஒருத்தியாய்த் திணறினாள்.
பகவதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு குடத்தை
என் கையில் திணித்துவிட்டுக்
கேரியரைப் பிடித்தாள்.