மூன்று கையெழுத்து, நான்கு ஊர்

தக்கலையில் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
முதலாளியின் கம்ப்யூட்டரில் தேடுகிறேன்.
புறப்படும் இடம்: திருவனந்தபுரம்.
நம்ம மாவட்டத்தில் ஆகாயத்துக்கு வாசல் வைக்கவில்லை;
பறக்கிறதுக்கும் களியக்காவிளை தாண்டணும்.

வில்லுக்குறியில் எட்டரை சென்ட்.
அதை விற்க மூன்று பேர் பவர் எழுதித் தரவேண்டும்.
சுயம்பு அண்ணன் புனேயில், தாணு ராஞ்சியில்,
சின்னவள் ஸ்ரீகலா குவாஹாத்தியில்.
ஒருத்தருக்கும் லீவு இல்லை.
எனக்கு மட்டும் லீவு காய்த்துத் தொங்குவதாக
மூவரும் ஒரே குரலில் நம்புகிறார்கள்.

வரிசையாகப் போட்டால் முப்பத்தோராயிரம்.
திருப்பி, குவாஹாத்தியை முதலில் வைத்தால் இருபத்தெட்டு.
செவ்வாய்க்கிழமை குறையும் என்றான் எதிர் செல்போன் கடை பிபின்.
செவ்வாயும் பார்த்தேன். புதனும்.
யார் வீட்டுக்கு முதலில் போவது என்று
நாங்கள் பயந்து பேசாமல் விட்ட விஷயத்தை
விமானக் கம்பெனி பட்டென்று சொல்லிவிட்டது:
தாணு, வியாழன் என்றால் நீ மலிவு.
ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க
எனக்குக் கட்டுப்படியாகாது.

ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் முந்நூறு ஏறுகிறது.
மீன்காரி கூட
இரண்டாம் தடவை கேட்டால் இறங்கி வருவாள்.

மலிவு விமானம் எல்லாம் காலை ஐந்து நாற்பதுக்கு.
மிச்சம் பிடித்த ஆயிரத்து நூறை
நடுராத்திரி டாக்சிக்காரன் வாங்கிக்கொள்வான்.
முந்தின ராத்திரியே பஸ் பிடித்து
அங்கே கொசுவோடு உட்கார்ந்திருக்கலாம்.
அதற்குக் கட்டணம் இல்லை. இதுவரை.

கைப்பை ஏழு கிலோ.
பக்கத்து ஆக்கர் கடைத் தராசில் தொங்கவிட்டேன்.
மூலப்பத்திர நகல், முத்திரைத்தாள், நாலு சேலை,
ஏத்தங்காய் சிப்ஸ் மூன்று பொட்டலம்:
ஏழு கிலோ நானூறு.
ஒரு பொட்டலம் வெளியே வந்தது.
யாருடையது என்று சொல்லமாட்டேன்.

பணம் கட்டுகிற நேரம் கரண்ட் போயிற்று.
யூபிஎஸ் ரெண்டு விக்கல் விக்கி அடங்கியது.
ஓடிபி மட்டும் ஒழுங்காக வந்து
என் உள்ளங்கையில் இருட்டில் மின்னியது,
விருந்து முடிந்து வந்த சொந்தக்காரன் மாதிரி.

கரண்ட் வந்தபின் மறுபடி தேடினேன்.
ஆகக் கீழே, யாரும் இறங்காத இடத்தில் ஒரு வரி:
ராஞ்சி, கொல்கத்தா, குவாஹாத்தி.
எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்து அறுநூறு.
கொல்கத்தாவில் காத்திருப்பு பதினோரு மணி நேரம்
என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை.
தொள்ளாயிரம் கூடக் கொடுத்தால் ரெண்டே மணி நேரம்.

பிபின் எட்டிப் பார்த்தான்.
"தொள்ளாயிரம் போட்டும் அக்கா.
பதினோரு மணிக்கூர் அங்க இருந்து என்ன செய்யதுக்கு?"

கொல்கத்தாவில் எனக்கு யாருமில்லை.
அந்த ஊரில் ஒருத்தருக்கும்
எட்டரை சென்டில் பங்கில்லை.
யாருடைய சோபாவின் விளிம்பிலும்
பையை மடியில் வைத்து உட்காரவேண்டாம்.
சென்டுக்கு எவ்வளவு போகும், கிரயம் எப்பம் முடியும்,
நீ ஏன் இப்படி மெலிந்துபோனாய் என்று
எவரும் கேட்கப்போவதில்லை.
டிராம் இன்னும் ஓடுகிறதாம்.
காலை எட்டிலிருந்து ராத்திரி ஏழு வரை.

பத்மநாபபுரம் பஸ் ஒன்று ஆளில்லாமல் போனது.
இருக்கை தேர்வு செய்ய இருநூற்றைம்பது என்றது திரை.
புனேக்கு வேண்டாம். ராஞ்சிக்கு வேண்டாம்.
குவாஹாத்திக்கு, திரும்பி வருவதற்கு,
எங்கே போட்டாலும் சரி.

ராஞ்சியிலிருந்து கொல்கத்தாவுக்கு மட்டும்
ஜன்னல்.